போடிமெட்டு ஏற ஒரு அறுநூற்றைம்பது

போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா மகன் ஒரு போட்டோ அனுப்பினான். கவாஸாகி இசட் 900, பெரிய பைக். கீழே ஒரே வரி: "மாமா, இதை எடுக்கலாம்னு இருக்கேன், அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்." அவனுக்கு வயது 23. நாலு வருடமாக 150 சிசி பல்சர் ஓட்டுகிறான், நன்றாகவே ஓட்டுவான், மழையில் வண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவன். ஆனாலும் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அன்று அவனிடம் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன், அவனை மாதிரி 150லிருந்து ஏற நினைக்கிற பையன்கள் போடி, தேனி, கம்பம் பக்கம் நிறைய இருக்கிறார்கள்.

நம் ஊரில் பதினெட்டு வயதாகி கியர் வண்டி லைசென்ஸ் எடுத்துவிட்டால் நூறு சிசியும் ஓட்டலாம், ஆயிரம் சிசியும் ஓட்டலாம், எல்லாவற்றுக்கும் அதே ஒரு அட்டைதான். ஐரோப்பாவில் அப்படி இல்லை. அங்கே ஏ2 என்று நடுவில் ஒரு படி வைத்திருக்கிறார்கள்: 35 கிலோவாட்டுக்கு மேல் சக்தி கூடாது, அதாவது ஏறத்தாழ 47 குதிரைத்திறன். எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அதில் இரண்டு வருடம் ஓட்டி, அப்புறம்தான் பெரிய வண்டிக்கு ஏற முடியும், நேராகப் பெரிய வண்டி லைசென்ஸ் வேண்டுமென்றால் பொதுவாக 24 வயது ஆகியிருக்க வேண்டும். நமக்கு அந்தப் படியைச் சட்டம் கட்டித் தரவில்லை, நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு அந்தப் படியாக அமைந்தது அதே கவாஸாகியின் இசட் 650.

நான் ஏலக்காய் வியாபாரம். போடியில் கடை, வாரத்தில் ஒரு நாளாவது புற்றடி ஏலத்துக்கோ, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் தோட்டத்துக்காரர்களைப் பார்க்கவோ மலை மேலே கேரளப் பக்கம் ஏற வேண்டியிருக்கும். சாம்பிள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு இருபது வருடம் சின்ன வண்டிகளில்தான் ஏறினேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் பெரிய வண்டி ஆசை வந்தது, அல்லது அப்போதுதான் கையில் காசு வந்தது. புதிதாக வாங்க வழியில்லை. கட்டப்பனையில் ஒரு பையன் வேலைக்கு வெளிநாடு போவதால் தன் வண்டியை விற்கிறான் என்று தோட்டத்துக்காரர் ஒருவர் சொன்னார். 2021 மாடல், பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓடியது. போய் நின்றதும் அந்தப் பையன் சாவியைக் கையில் கொடுத்து, "சேட்டா, முதல்ல உட்கார்ந்து பாருங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்றான். நல்ல யோசனை அது. புது வண்டி பார்க்கப் போகிற எல்லோரும் அதைச் செய்ய வேண்டும்.

நான் ஐந்தடி ஐந்து அங்குலம். சீட் உயரம் 790 மில்லிமீட்டர், முன்பக்கம் டேங்க் அருகே சீட் ஒடுங்கியும் இருப்பதால் இரண்டு பாதமும் கிட்டத்தட்ட முழுதாகத் தரையில் பதிந்தது. பெரிய வண்டிக்கு வரும் புதியவருக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறு இல்லை என்று நான் நம்புகிறேன். மலைச்சாலையில் வண்டி விழுவது பெரும்பாலும் எண்பதில் போகும்போது இல்லை, நிற்கும்போதும் திரும்பும்போதும்தான். கால் எட்டினால் மனசு அடங்கும், மனசு அடங்கினால் கையும் அடங்கும்.

கணக்கைப் பார்த்தால் பல்சர் 150 ஏறத்தாழ 14 குதிரைத்திறன், எடை 150 கிலோவுக்குள். இசட் 650 என்பது 649 சிசி, இரண்டு சிலிண்டர், 68 குதிரைத்திறன், எடை 190 கிலோவை ஒட்டி. எடை நாற்பது கிலோதான் கூடுகிறது, சக்தி ஐந்து மடங்கு ஆகிறது. இசட் 900 என்றால் 125 குதிரைத்திறன், ஒன்பது மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, எடையும் இருநூறைத் தாண்டும். ஐந்து மடங்கே பெரிய தாவல். அந்தத் தாவலில் நம் கைக்கு நேரம் கொடுக்கிற மாதிரி வண்டி இருக்க வேண்டும், இந்த வண்டி அதைக் கொடுக்கிறது. இதன் இழுவை அடியிலும் நடுவிலும் இருக்கிறது, இன்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரத்திலிருந்து ஏழாயிரம் சுற்றுக்குள் எங்கே திறந்தாலும் சமமாக, அவசரமில்லாமல் ஏறும். ஆக்சிலேட்டரைத் தெரியாமல் கால் அங்குலம் கூடுதலாக முறுக்கிவிட்டால் வண்டி ஒரு எட்டு முன்னால் போகும், அவ்வளவுதான். நாலு சிலிண்டர் பெரிய வண்டியில் அதே கால் அங்குலம் எதிர்ச்சுவர் வரை கொண்டுபோய்விடும்.

இனி வளைவுக்கு வருகிறேன், நான் சொல்ல நினைப்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது. மலையடிவாரத்தில் முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். மேலே கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டிப் பழகாதவர்கள் வளைவு என்றால் வேகம் என்று நினைக்கிறார்கள். இங்கே வளைவு என்றால் மெதுவாகப் போவது. ஏற்றத்தில் இடது பக்க வளைவு உள்ளே ஒடுங்கிச் செங்குத்தாக இருக்கும், நாம் இருபதுக்குக் கீழே வந்திருப்போம், அந்த நேரம் பார்த்து மேலிருந்து தோட்டத்து ஜீப் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவை முழுதாக எடுத்துக்கொண்டு இறங்கும். அப்போது உங்கள் வண்டி எந்தக் கியரில் இருக்கிறது என்பதுதான் எல்லாம்.

இசட் 650ல் இரண்டாம் கியரில் இருபது கிலோமீட்டர் வேகம் என்றால் இன்ஜின் இரண்டாயிரம் சுற்றுக்கும் கீழே வந்துவிடும். அங்கே அது உதறும். இரண்டு பிஸ்டனும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று 180 டிகிரியில் வைத்திருக்கிறார்கள், அதனால் வெடிப்புக்கு வெடிப்பு இடைவெளி சமமாக இருக்காது, குறைந்த சுற்றில் அந்த உதறல் கையில் தெரியும். சின்ன வண்டிப் பழக்கத்தில் நாம் என்ன செய்வோம், ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் திறப்போம். அதைச் செய்யாதீர்கள். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். கிளட்சைப் பாதி மட்டும் விட்டுப் பிடிக்கும் ஹாஃப் கிளட்ச், ஒரே அளவில் ஆக்சிலேட்டர், பின் பிரேக்கில் வலது காலை லேசாக வைத்து வேகத்தைப் பிடிப்பது. மூன்றும் சேர்ந்தால் வண்டி நடக்கிற வேகத்தில்கூட நேராக நிற்கும். கண் மட்டும் வளைவின் முடிவில் இருக்க வேண்டும், முன் சக்கரத்தில் இல்லை. தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தால் கையும் தானாக அந்தப் பக்கம் போகும், எனக்கு இது உடம்பில் ஏற ஒரு மாதம் பிடித்தது.

நடுவில் ஒரு நாள் விழுந்தேன். பதினோராவது வளைவு, ஜீப் வந்தது, பயத்தில் ஹேண்டில்பார் திரும்பி இருக்கும்போதே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். வேகம் மிஞ்சிப்போனால் பத்து இருக்கும். வண்டி நின்ற இடத்திலேயே இடது பக்கமாகச் சாய்ந்தது, 190 கிலோ சாய ஆரம்பித்தால் காலால் தாங்க முடியாது, தாங்கவும் முயற்சி செய்யக் கூடாது, கால் போய்விடும். ஜீப்பை நிறுத்திவிட்டு டிரைவர் அண்ணன் ஓடி வந்தார், பின்னால் இருந்த பெண்கள் இறங்கி, "அடிபட்டுச்சாய்யா, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினார்கள். கிளட்ச் லிவர் வளைந்தது, கிராஷ் கார்டில் ஒரு சிராய்ப்பு. எனக்கு ஒன்றும் இல்லை, கையுறையும் கணுக்கால் மூடிய ஷூவும் போட்டிருந்தேன். அன்று கற்றது இரண்டு. திரும்பிக்கொண்டிருக்கும் மெதுவான வண்டியில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது, பின் பிரேக்கும் கிளட்சும் மட்டும்தான். பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள், நடக்கிற வேகத்தில் ஏபிஎஸ் உங்களைக் காப்பாற்றாது. இரண்டாவது, விழுந்த வண்டியைத் தூக்கும் முறை. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைக் கொடுத்துக் காலால் எழுந்தால் ஒரு ஆளே தூக்கிவிடலாம். முதுகை வளைத்துத் தூக்கினால் முதுகு போய்விடும். வாங்கிய வாரமே இதை வீட்டு முற்றத்தில் ஒருமுறை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

இறக்கத்தில் இந்த வண்டி இன்னும் அருமை. அதற்குக் காரணம் அதில் இருக்கும் அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் சாய்வான பற்கள் கிளட்ச் தட்டுகளை நெருக்கி இழுத்துக்கொள்கின்றன. அதனால் ஸ்பிரிங் அவ்வளவு கடினமாக இருக்க வேண்டியதில்லை, லிவர் இரண்டு விரலுக்கு அடங்கும். பதினேழு வளைவில் எத்தனை தடவை கிளட்ச் பிடிப்போம் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். இறக்கத்தில் அவசரமாகக் கியர் குறைத்தால் அதே பற்கள் எதிர்ப்பக்கம் தட்டுகளைத் தளர்த்திவிடும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு துள்ளாது. புதியவர்கள் அதிகம் செய்கிற தப்பு கியரைத் தப்பான சுற்றில் குறைப்பதுதான், அந்தத் தப்பை இந்தக் கிளட்ச் பெருமளவு வாங்கிக்கொள்கிறது. அதற்காக பிரேக்கிலேயே காலை வைத்து இறங்காதீர்கள், இரண்டாம் கியரில் விட்டு இன்ஜினையே பிடிக்கவிட்டு இறங்குங்கள்.

என் வண்டியில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லை; பின் சக்கரம் வழுக்கினால் இன்ஜின் சக்தியைத் தானாகக் குறைக்கும் வசதி அது, 2023 மாடலிலிருந்துதான் வந்தது. வாங்குகிறவர்கள் முடிந்தால் அந்த வருடத்துக்குப் பிந்தையதைப் பாருங்கள். ஆடி மாதம் மெட்டில் சாரல் பிடித்து ரோட்டில் இலையும் சேறும் கிடக்கும்போது அது இருந்தால் நல்லது என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். இல்லாததால் நான் மழையில் ஒரு கியர் கூட்டிப் போட்டு ஓட்டுவேன், சுற்று குறைவாக இருந்தால் பின் சக்கரம் சீக்கிரம் வழுக்காது.

குறைகளும் உண்டு. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே 130 மில்லிமீட்டர்தான், சில ஊர் வேகத்தடைகள் அதற்கு ஒத்து வராது, குறுக்காக மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். சித்திரை வெயிலில் தேனி பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், தொடையில் சூடு அடிக்கும். முன்னால் காற்றைத் தடுக்கும் ஃபேரிங் கிடையாது என்பதால் நூறுக்கு மேல் காற்று நெஞ்சில் அறையும். நெடுஞ்சாலையில் ஆறாம் கியரில் நூறு போனால் இன்ஜின் நாலாயிரத்து அறுநூறு சுற்றில் நிதானமாக இருக்கும், ஓட்டுகிற நமக்குத்தான் கழுத்து வலிக்கும். மைலேஜ் எனக்கு 21, 22 கிடைக்கிறது, 15 லிட்டர் டேங்குக்கு முந்நூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய சர்வீஸுக்கு நான் கொச்சிவரை போகிறேன், மூணாறு வழி, அது ஒரு முழு நாள் வேலை. ஆயில், செயின், பிரேக் பேட் எல்லாம் போடியிலேயே என் மெக்கானிக் தம்பி பார்க்கிறார்.

வேறு வண்டியே இல்லையா என்றால், இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650ஐ நான் மரியாதையோடு சொல்வேன், 47 குதிரைத்திறன், அதாவது ஐரோப்பாக்காரன் கட்டின படிக்கு அப்படியே பொருந்தும் வண்டி. விலை இசட் 650ல் பாதிக்குப் பக்கம், சர்வீஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும். எடை மட்டும் இருநூறு கிலோவைத் தாண்டும், கொண்டை ஊசியில் அந்தக் கனம் தெரியும். கைக்காசு குறைவு என்றால் யோசிக்காமல் அதை எடுங்கள். ட்ரையம்ப் ட்ரைடன்ட் 660 மூன்று சிலிண்டர், 2025 மாடல் வரை 81 குதிரைத்திறன், ரோட், ரெயின் என்று சாலைக்கும் மழைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் மோடு இருக்கிறது. ஒரு நண்பருடையதை ஓட்டினேன், வெண்ணெய் மாதிரி. அது கொஞ்சம் பழகிய கைக்கு. ஹோண்டா சிபி650ஆர் நாலு சிலிண்டர், அழகு, ஆனால் அதன் உயிர் மேல் சுற்றில் இருக்கிறது, மெட்டில் அந்தச் சுற்றுக்கு வேலையே இல்லை.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு 28ம் அதன்மேல் 3 செஸ்ஸும் சேர்த்து 31ஆக இருந்தது. 350 வரை உள்ளவற்றுக்கு 18ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே நடுத்தர வண்டி புதிதாக வாங்குவது இன்னும் எட்டாமல் போய்விட்டது, பழைய வண்டிதான் நம்மைப் போன்றவர்களுக்கு வழி. எல்லையோரம் இருப்பதால் நமக்கு ஒரு வசதி, கேரளாவில் இந்த மாதிரி வண்டிகள் நிறைய விற்பனைக்கு வரும், பெரும்பாலும் நன்றாகப் பராமரித்திருப்பார்கள். ஆனால் கேஎல் நம்பரோடு வாங்கி அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். விற்பவரின் ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று, அதற்கு 28ஆம் படிவம், பெயர் மாற்றத்துக்கு 29, 30, அப்புறம் தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும். எனக்கு தேனியின் டிஎன் 60 நம்பர் கைக்கு வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் விற்ற பையன் வெளிநாடு போய்விட்டான், ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது, அவன் அப்பாதான் நல்ல மனிதர், இரண்டு தடவை பஸ் ஏறி வந்து உதவினார். அதனால் விற்பவர் ஊரில் இருக்கும்போதே எல்லாப் படிவத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள், விலை பேசி முடிப்பதற்கும் முன்னால்.

சரி, அக்கா மகன் கதைக்கு வருகிறேன். போனில் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவனை முந்தலுக்கு வரச் சொன்னேன். என் ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட் எல்லாம் அவனுக்கே மாட்டிவிட்டு, என் வண்டிச் சாவியைக் கொடுத்து, அவன் பல்சரை ஓட்டிக்கொண்டு நான் பின்தொடர்ந்து ஏறினேன். முதல் மூன்று வளைவும் எனக்கு உயிர் கையில் இல்லை. தோள் இரண்டையும் இறுக்கிக்கொண்டு, வளைவு நடுவில் காலைக் கீழே போட்டுக்கொண்டு போனான். ஆறாவது வளைவில் காலைத் தூக்கிவிட்டான். பத்தாவதில் தலை திரும்புவது தெரிந்தது. பதினோராவதில், நான் விழுந்த அதே இடத்தில், எதிரே காய்கறி ஏற்றி வந்த பிக்கப் வண்டி ஒன்று வந்தது, அவன் முதல் கியருக்கு இறங்கி, ஓரமாக ஒட்டி, அப்படியே ஊர்ந்து ஏறிப் போய்விட்டான்.

மெட்டில் டீக்கடை வாசலில் மூடுபனி. ஹெல்மெட்டைக் கழற்றியவன் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. டீ பாதி குடித்த பிறகு சொன்னான், "மாமா, இவ்வளவு தூரம் வந்ததுல பாதி ஆக்சிலேட்டர்கூட நான் திறக்கலை."

"ஆமா மாப்ள. மீதிப் பாதி எப்ப வேணும்னு நீயே சொல்லு" என்றேன்.

இசட் 900 போட்டோ மறுபடி வரவில்லை. தொடுபுழாவில் ஒரு இசட் 650 இருக்கிறதாம், 2023 மாடல், இரண்டாவது கை. வருகிற ஞாயிறு இரண்டு பேரும் போகிறோம். சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா, செயினும் ஸ்பிராக்கெட் பற்களும் தேய்ந்திருக்கிறதா, டயரில் எந்த வருடம் அச்சடித்திருக்கிறது, ஹேண்டில்பார் முனையிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் விழுந்த தடம் உண்டா, எல்லாவற்றையும் அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். முன் சஸ்பென்ஷன் ஆயிலைத் தாங்கும் ஃபோர்க் சீல் ஈரமாக இருந்தால் விலை பேசாமலே திரும்பிவிடுவது என்று அவன் அம்மாவிடம் சொல்லியாயிற்று.